மூன்று முறை வந்த ரயில்

எங்கள் தாத்தாவுக்குப் பிறந்த தேதி தெரியாது. ரேஷன் கார்டில் யாரோ எழுதிக் கொடுத்த வயது ஒன்று இருந்தது; அதை அவர் நம்பியதே இல்லை. யாராவது வயசைக் கேட்டால் ரயிலை வைத்துத்தான் கணக்குச் சொல்வார். "ரயிலு வந்தப்ப எனக்குப் பன்னெண்டு. அதப் பிடுங்கிட்டுப் போனப்ப இவ அப்பன் வயித்துல. திரும்பி வந்தப்ப இவ அப்பன் எனக்குத் தோள் உசரம்."

சிறுபிள்ளையில் அந்த நடுவாக்கியம் எனக்குப் புரிந்ததில்லை. ரயிலை எப்படிப் பிடுங்குவார்கள்? கடலைச் செடியா அது? வாத்தியாராகிப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் தாத்தா சொன்னது அப்படியே உண்மை என்று தெரிந்தது. எங்கள் ஊர் ஸ்டேஷன் இரண்டு தடவை இல்லாமல் போயிருக்கிறது. இரண்டு தடவையும் திரும்பி வந்திருக்கிறது.

போடிநாயக்கனூர் என்பது பெயர்ப்பலகையிலும் பத்திரத்திலும். எங்களுக்குப் போடி. தேனியிலிருந்து மேற்கே பதினைந்து கிலோமீட்டர். ஊரின் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் தெருமுனையில் மலை நிற்கும். அந்த மலைக்கு மேலே கேரளம். சாலை மட்டும் பதினேழு கொண்டை ஊசி வளைவு வளைந்து போடிமெட்டுக்கு ஏறிப் போய்விடுகிறது. ரயிலுக்கு அந்த வித்தை கிடையாது. மதுரையிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் வந்து, மலையைப் பார்த்து நின்றுவிடும். அதற்கு மேல் தண்டவாளம் இல்லை, முட்டுக்கட்டைதான்.

ஆனால் போடி ஸ்டேஷனின் கதை போடியில் தொடங்கவில்லை. அது மலைக்கு மேலே தொடங்குகிறது. இதைச் சொல்லாமல் எங்கள் ஸ்டேஷனைப் பற்றிப் பேசினால் தாயைச் சொல்லாமல் பிள்ளையைச் சொன்ன மாதிரி.

மூணாறு போனவர்கள் எல்லோரும் டாப் ஸ்டேஷன் பார்த்திருப்பீர்கள். மேகம் காலுக்குக் கீழே போகும் இடம். அங்கே நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது, எந்த ஸ்டேஷனின் 'டாப்' இது என்று எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்? அந்தப் பெயர் வெறும் அழகுக்கு வைத்ததல்ல. அங்கே நிஜமாகவே ஒரு ரயில் நிலையம் இருந்தது.

கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை பயிரான பிறகு, பறித்துப் பதப்படுத்திய தேயிலையைக் கீழே இறக்குவது பெரும்பாடாக இருந்தது. 1902-ல் மூணாறிலிருந்து குண்டலைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போட்டார்கள். கேட்டால் விநோதமாக இருக்கும். தரையில் ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் பாரம் முழுக்க அதன்மேல் ஓடும் சின்னச் சக்கரங்களில். வண்டி சாயாமல் இருக்க, பக்கவாட்டில் பெரிய சக்கரம் ஒன்று சாலையில் உருண்டு வரும். இழுப்பது மாடு. யூவிங் முறை என்று இதற்குப் பெயர். பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானத்திலும் இதே மாதிரி ஒன்று ஓடியது. 1908-ல் இதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத்தில் சரியான இரட்டைத் தண்டவாளம் போட்டு நீராவி இன்ஜினே ஓட்டினார்கள்.

டாப் ஸ்டேஷனில் ரயில் முடிந்ததும் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் ஏறும். செங்குத்தான மலைச்சரிவில், அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு வந்து சேரும். மேலே இருந்தது டாப் ஸ்டேஷன் என்றால் கீழே இருந்தது பாட்டம் ஸ்டேஷன். நடுச்சரிவில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு சிற்றூர் இன்றைக்கும் இருக்கிறது. கொட்டகுடி ஊராட்சியின் ஊர்ப்பட்டியலில் டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் இரண்டும் இருக்கின்றன. ரயில் இல்லாத ஊர்கள் ஸ்டேஷன் என்ற பேரை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் அங்கிருந்து வரும் பிள்ளை யாராவது 'சென்ட்ரல் ஸ்டேஷன்' என்று முகவரி சொன்னால், வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியார்கள் மெட்ராஸ் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கொட்டகுடியிலிருந்து போடிக்குப் பதினைந்து கிலோமீட்டர், மாட்டு வண்டி. போடிக்கு அப்போது ரயில் இல்லை. இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ரயிலடி என்றால் அம்மையநாயக்கனூர்தான். இப்போது கொடைக்கானல் ரோடு என்று பலகை மாட்டியிருக்கிறார்களே, அதே ஸ்டேஷன். தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு என்று வண்டி கட்டிக்கொண்டு அதுவரை போக வேண்டும். அங்கே ரயிலேற்றித் தூத்துக்குடித் துறைமுகம். அப்புறம் கப்பல்.

திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் 1875-லேயே வந்துவிட்டது. முல்லைப் பெரியாறு அணையைப் பென்னிகுயிக் கட்டி முடித்துத் தண்ணீர் திறந்தது 1895-ல். அந்த அணைக்கான தளவாடங்கள்கூட அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில்தான் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதையும் கடந்து போயின. அணையின் தண்ணீர் வந்து பள்ளத்தாக்கு செழித்து, ஏலக்காய்த் தோட்டங்கள் மலையெங்கும் பரவி, தேயிலை இறங்கி, இத்தனைக்கும் பிறகும் எங்கள் பக்கத்துக்கு ரயில் வர மதுரைக்கு வந்ததிலிருந்து ஐம்பத்து மூன்று வருடம் ஆயிற்று.

அதற்குள் மலைமேல் இருந்த ரயில் போய்விட்டது. 1924 ஜூலையில் பெய்த பேய்மழையைக் கேரளத்தில் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்கிறார்கள். மலையாள ஆண்டு 1099-ல் வந்தது. மூணாறே மிதந்தது. குண்டலைப் பாதை தண்டவாளமும் பாலமுமாக அடித்துக்கொண்டு போயிற்று. திரும்பப் போடவே இல்லை. மேலே ரயில் போன நான்காம் வருடம், 1928-ல், கீழே போடிக்கு ரயில் வந்தது.

பாதையைப் போட்டு ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. வடபழஞ்சி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடி. மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே சரியாக ஒரு மீட்டர் இடைவெளி இருப்பதால் அந்தப் பெயர். அகலப் பாதை என்கிறோமே, அதில் இந்த இடைவெளி 1,676 மில்லிமீட்டர். குறுகின பாதை என்றால் மண் வெட்டுவது குறைவு, பாலம் சின்னது, வளைவு நெருக்கமாக இருக்கலாம், செலவு குறைவு. உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே ஒரு கணவாய் இருக்கிறது. வைகைப் பக்கத்துச் சமவெளியிலிருந்து எங்கள் பள்ளத்தாக்குக்குள் நுழைய அதுதான் வாசல். மலையைக் குடைந்து பாறைக்கு நடுவே ரயில் வளைந்து ஏறும் அந்த இடத்தில் மீட்டர் கேஜ் ரொம்பச் சௌகரியம்.

எங்கள் ஊர் ஆட்கள் மதுரைக்குப் போய் மீனாட்சியைக் கும்பிட்டு வரட்டும் என்று கம்பெனிக்காரர்கள் இந்தப் பாதையைப் போடவில்லை. ஏலக்காய், காப்பி, தேயிலை, இலவம்பஞ்சு, பருத்தி, மாங்காய். சரக்குக்காக வந்த ரயில் இது. ஆட்கள் அதில் தொற்றிக்கொண்டு போனார்கள்.

எங்கள் தாத்தா அந்தச் சரக்கைச் சுமந்தவர். ரயில் வந்து நாலைந்து வருடத்தில் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கப் போய்விட்டார். எந்த மூட்டை எப்படி என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். ஏலக்காய் மூட்டைக்கு மரியாதை அதிகம். கீழே போட்டால் காய் வெடித்து விலை இறங்கிவிடும் என்பதால் கங்காணி பக்கத்திலேயே நிற்பாராம். காப்பி மூட்டை முதுகில் கல்லாக உறுத்தும். இலவம்பஞ்சுதான் ஏமாற்றுக்காரச் சரக்கு. "கனமே இருக்காது ஆத்தா, ஆனா மூச்சடைச்சுப் போகும்" என்பார். பஞ்சு ஏற்றின நாளில் வீட்டுக்கு வந்தால் புருவமெல்லாம் நரைத்த மாதிரி இருக்குமாம். அப்பத்தா வாசலிலேயே நிறுத்தித் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விடுமாம்.

அப்பத்தா ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கியது. மலையிலிருந்து வரும் காய் எல்லாம் ஒன்றுபோல இருக்காது. வெடித்தது, கறுத்தது, சூம்பினது, காம்போடு வந்தது என்று கலந்து கிடக்கும். தரையில் வரிசையாக உட்கார்ந்து சொளகில் போட்டுப் புடைத்து, காம்பு கிள்ளி, ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். பிறகு சல்லடையில் சலித்துப் பெரிய காய், நடுக்காய், சிறுகாய் என்று தரம் பார்ப்பார்கள். இன்றைக்கும் எட்டு மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, ஏழுக்கு ஒரு விலை, ஆறுக்கு ஒரு விலை. இயந்திரம் வந்துவிட்டது என்றாலும் போடிக்குள் எத்தனையோ கிட்டங்கிகளில் இன்னும் பெண்கள் சொளகோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வாசனைத் திரவிய வாரியம் நடத்தும் மின்னணு ஏலம் கேரளத்தில் புற்றடியிலும் எங்கள் போடியிலும் நடக்கிறது. நாட்டின் ஏலக்காய் விலை தீர்மானமாகும் இரண்டு இடங்களில் ஒன்று எங்கள் ஊர். அந்தக் காயைக் கையால் தொட்டுத் தரம் பார்த்த பெண்களை யாரும் ஸ்டேஷன் வரலாற்றில் எழுதுவதில்லை. எழுத வேண்டும். அப்பத்தா பொறுக்கிக் கட்டிய மூட்டையைத் தாத்தா ரயிலில் ஏற்றினார். இந்தப் பாதையில் போன சரக்கெல்லாம் இப்படி இரண்டு ஜோடிக் கை பட்டுத்தான் போனது.

இப்போது அந்தப் பிடுங்கின கதை.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு இரும்பு வேண்டியிருந்தது. புதுத் தண்டவாளம் உருட்டி வார்க்க நேரமில்லை. மத்திய கிழக்கில் படைக்குத் தளவாடம் போக அவசரமாக ரயில் பாதை வேண்டும். இந்தியாவில் வருமானம் குறைந்த கிளைப் பாதைகளைப் பட்டியல் போட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பாதைகள். போல்ட்டைக் கழற்றி, தண்டவாளத்தைத் தூக்கி, கப்பலேற்றினார்கள். தெற்கே இதில் மாட்டியவை கொஞ்சமல்ல. ஷொர்ணூர் – நிலம்பூர் பாதை. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் போன சிறு பாதை. திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி பாதை. அப்புறம் எங்கள் மதுரை – போடி.

தாத்தா அதைப் பார்த்தவர். மூட்டை தூக்கின ஆட்களையே தண்டவாளம் தூக்கவும் கூப்பிட்டார்களாம். போனாரா என்று நான் கேட்டிருக்கிறேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கூலி குடுத்தாக" என்றார். தன் பிழைப்பைத் தன் கையாலேயே பெயர்த்து வண்டியில் ஏற்றியிருக்கிறார். வயிற்றில் அப்பாவோடு அப்பத்தா வீட்டில் இருந்தபோது நடந்தது இது. அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் அவர் லாரிக்கும் மாட்டு வண்டிக்கும் மூட்டை தூக்கினார். மலைத்தோட்டத்துக்கும் போனார். போர் எங்கோ நடந்தது என்று பாடப்புத்தகத்தில் படிப்போம். எங்கள் வீட்டுக்குள் அது வந்துவிட்டுப் போயிருக்கிறது.

சுதந்திரம் கிடைத்தது. 1944-லேயே கம்பெனி அரசாங்கத்துக்குக் கைமாறியிருந்தது. 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வே உண்டாயிற்று. 1953 – 54-ல் பழைய தடத்திலேயே மறுபடியும் மீட்டர் கேஜ் போட்டு எங்கள் ரயிலைத் திருப்பிக் கொடுத்தார்கள். நிலம்பூருக்கும் அதே சமயத்தில் திரும்பிக் கிடைத்தது. தருமபுரிக்கும் ஓசூருக்கும் பிற்பாடு வேறு பாதை வந்தது. கிருஷ்ணகிரிக்கு இன்று வரை வரவில்லை. மாவட்டத் தலைநகரம், போரில் பறிகொடுத்த ரயிலை எண்பது வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும். எங்களுக்கு நடந்திருக்கக் கூடியதுதான் அது.

திரும்பி வந்த ரயிலில்தான் நான் வளர்ந்தேன். எங்கள் தெருவுக்கும் ஸ்டேஷனுக்கும் நடை தூரம். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஓடுவோம், இன்ஜின் திரும்புவதைப் பார்க்க. கடைசி ஸ்டேஷன் என்பதால் ஒவ்வொரு வண்டிக்கும் இது நடந்தே ஆக வேண்டும். வண்டி முட்டுக்கட்டைக்கு முன்னால் நின்றதும், பெட்டி இணைக்கும் ஆள் குனிந்து பெட்டிகளுக்கும் இன்ஜினுக்கும் நடுவிலிருக்கும் கொக்கியைக் கழற்றுவார். இன்ஜின் தனியாகக் கொஞ்சம் முன்னே போகும். பாயின்ட்ஸ்மேன் தடம் மாற்றுவார். பக்கத்துத் தண்டவாளத்தில் பின்னோக்கி ஓடி, பெட்டிகளின் முழு நீளத்தையும் கடந்து, மறுமுனையில் வந்து முட்டிக்கொள்ளும். கடைசிப் பெட்டி முதல் பெட்டியாகிவிடும். முதலில் கரி இன்ஜின், அப்புறம் டீசல். எது வந்தாலும் இந்தச் சுற்று மாறவில்லை.

போடியிலிருந்து கிளம்புகிற ரயில் எல்லாமே கிழக்கே போகும் ரயில்தான். வேறு திசை கிடையாது. 1978-ல் அந்தப் பெயரில் பாரதிராஜாவின் படம் வந்தபோது எங்கள் ஊரில் அதை யாரும் கற்பனைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பிறந்தது தேனி அல்லிநகரம். அந்தப் பக்கத்துக்காரர் வேறு எப்படிப் பேர் வைப்பார்?

1981-ல் மதுரைக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் பெண் நான். விடுதியில் விட அப்பா கூட வந்தார். டிக்கெட் கவுன்ட்டரில் அட்டை டிக்கெட். கட்டை விரல் நீளத்தில் கெட்டியான அட்டை. அதில் ஊர்ப்பெயர், கட்டணம், வரிசை எண். அதை ஒரு இரும்புப் பொறிக்குள் சொருகி எடுத்தால் 'டக்'கென்று தேதி பதியும். எட்மண்ட்சன் என்ற இங்கிலாந்து ஸ்டேஷன் மாஸ்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டுபிடித்த முறை, கணினி வரும் வரை உலகமெங்கும் ஓடியது. மதுரையில் இறங்கியதும் டிக்கெட்டை வாங்கிக்கொள்வார்கள். அப்பா பரிசோதகரிடம் ஏதோ கெஞ்சிப் பேசி, என் டிக்கெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அப்பா காலமான பிறகு, அவர் பெட்டியில் நிலப் பத்திரத்தோடு அது இருந்தது.

மீட்டர் கேஜ் ரயில் மெதுவாகத்தான் போகும். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கணவாயில் பாறைச் சுவர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வரும். வெயில் காலத்தில் பாறையின் சூடு முகத்தில் அடிக்கும். மழைக்காலத்தில் அதே பாறை வழியாகத் தண்ணீர் வழியும். ஆண்டிபட்டியில் பூக்கூடைகள் ஏறும். தேனியில் சந்தை நாளென்றால் நிற்க இடமிருக்காது. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகள் எப்போதும் இருப்பார்கள். பஸ்ஸில் படுக்க முடியாதவர்களுக்கு ரயில் பெஞ்சு கிடைக்கும் என்பதே பெரிய விஷயம். தாத்தாவைக் கடைசியாக மதுரைக்குக் கூட்டிப் போனதும் அப்படித்தான். அவர் ஏற்றின சரக்கு போன பாதையில் அவரைப் படுக்க வைத்துக்கொண்டு போனோம். கணவாய் வந்ததும் எழுப்பச் சொன்னார்; எழுப்பினோம்.

சரக்கு அதற்குள் குறைந்துவிட்டிருந்தது. கிட்டங்கி வாசலிலேயே ஏற்றி வியாபாரி வாசலிலேயே இறக்க லாரி வந்துவிட்டது. ஏலக்காய் கனத்தில் குறைவு, விலையில் அதிகம். அதற்கு வேகந்தான் முக்கியம், வண்டிச்சத்தம் இல்லை. இதைவிடப் பெரிய அடி வேறொன்று. 1992-லிருந்து நாடு முழுக்க ஒரே அகலத்துக்கு மாற்றும் திட்டம் நடந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் மதுரையின் பிரதான பாதை அகலமாகிவிட்டது. எங்கள் பாதை மட்டும் மீட்டர் கேஜாகவே நின்றது. இரண்டு அகலம் சந்திக்கும் இடத்தில் ஒரு பெட்டிகூட அந்தப் பக்கம் போக முடியாது. மூட்டையை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். ஆளும் இறங்கி மாற வேண்டும். சென்னையிலிருந்து நேர் ரயில் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. பெரிய வாய்க்காலை வெட்டி அகலப்படுத்திவிட்டுக் கிளை வாய்க்காலை அப்படியே விட்ட கதை. வரவர எங்கள் ரயிலில் பெட்டியும் குறைந்தது, கூட்டமும் குறைந்தது.

2010 டிசம்பர் கடைசி நாளோடு மீட்டர் கேஜ் நின்றது. அகலப் பாதையாக்க வேண்டும், கொஞ்ச காலந்தான் என்றார்கள். அன்றைக்கு ஸ்டேஷனில் கூட்டம். இன்ஜினுக்கு மாலை போட்டார்கள். நான் என் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். "எப்ப டீச்சர் திரும்ப வரும்?" என்று கேட்டாள் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி. நீ பத்தாவது படிக்கும்போது வந்துவிடும் என்றேன்.

அவள் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகுதான் வந்தது.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஸ்டேஷன் என்ன ஆயிற்று என்பதை நடைப்பயிற்சிக்குப் போய்ப் போய்ப் பார்த்திருக்கிறேன். முதலில் தண்டவாளம் போனது. பிறகு சரளைக்கல் மேட்டில் சீமைக்கருவேலம் ஏறியது. பிளாட்பாரத்தில் ஆடு கட்டினார்கள். பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடினார்கள். மஞ்சள் பலகையில் போடிநாயக்கனூர் என்ற எழுத்து மட்டும் வெயிலில் வெளுத்து நின்றது. தாத்தா காலத்தில் பிடுங்கியபோதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைப்பேன். அப்போதாவது போர் என்று ஒரு காரணம் இருந்தது. இந்தத் தடவை பணம் ஒதுக்கவில்லை, ஒதுக்கினது போதவில்லை என்ற காரணந்தான். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் எங்கள் பாதைக்கு எவ்வளவு என்று தேடிப் பார்ப்பது ஊரில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. வர்த்தகர்களும் ஓய்வு பெற்றவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் மனுக் கொடுத்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் விடாமல் கேட்டதால்தான் வந்தது என்று நான் நம்புகிறேன். கேட்காமலிருந்தால் சென்ட்ரல் ஸ்டேஷன் மாதிரி பேர் மட்டும் மிஞ்சியிருக்கும்.

அகலப் பாதை துண்டு துண்டாக வந்தது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி வரை முப்பத்தேழு கிலோமீட்டரை 2020 ஜனவரியில் சோதித்துப் பார்த்தார்கள். அடுத்தது ஆண்டிபட்டி, இருபத்தொரு கிலோமீட்டர், அங்கேதான் கணவாய். குறுகின ரயிலுக்கு வெட்டின பாறையை அகல ரயிலுக்கு மறுபடியும் வெட்டி அகலப்படுத்த வேண்டியிருந்தது. நான் தொட்டுப் பார்த்த பாறைச் சுவர் இப்போது தள்ளிப் போய்விட்டது. 2022 மே 26-ல் பிரதமர் சென்னையில் நடந்த விழாவில் மதுரை – தேனி ரயிலைத் தொடங்கி வைத்தார். எழுபத்தைந்து கிலோமீட்டருக்கு ஐந்நூறு கோடிக்கு மேல் செலவு. தேனி வரை வந்துவிட்டது, எங்களுக்குப் பதினைந்து கிலோமீட்டர்தான் பாக்கி. அந்தப் பதினைந்துக்கு இன்னும் ஒரு வருடம்.

2023 ஜூன் 15, வியாழக்கிழமை. சாயங்காலத்திலிருந்தே ஊர் ஸ்டேஷனை நோக்கி நடந்தது. புதுப் பிளாட்பாரம் உயரமாக இருந்தது. மீட்டர் கேஜ் நாளில் தரையிலிருந்து படியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏற வேண்டும்; வயசானவர்களைக் கீழிருந்து ஒருத்தர் தள்ள, மேலிருந்து ஒருத்தர் இழுப்பார். இப்போது நேராகக் கால் வைத்து உள்ளே போகலாம். இணையமைச்சர் எல். முருகன் கொடியசைக்க, சென்னை சென்ட்ரலுக்குப் போடியிலிருந்து முதல் எக்ஸ்பிரஸ் கிளம்பியது. வாரத்தில் மூன்று நாள். ஆறாம் வகுப்பில் கேள்வி கேட்டவள் மகனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

இப்போது சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

சென்னை ரயில் எங்கள் ஊருக்குப் பெரிய வரம். அங்கே படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகளெல்லாம் அதில் வருகிறார்கள். ஆனால் தினசரி ரயில் மறுபடி ஓடத் தொடங்கியபோது எந்த நேரத்தில் விட்டார்கள் தெரியுமா? காலையில் மதுரையிலிருந்து கிளம்பிப் போடிக்கு வந்தது. மாலையில் போடியிலிருந்து மதுரைக்குத் திரும்பியது. மதுரைக்காரர் ஒருவர் போடிக்கு வந்து ஏலக்காய் வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்பலாம். போடிக்காரர் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் முதல் நாள் சாயங்காலமே ரயிலேறி, ராத்திரி மதுரையில் எங்காவது தங்க வேண்டும். கட்டணம் பஸ்ஸில் பாதிகூட இல்லை. ஆனால் தங்குகிற செலவை யார் கொடுப்பது? 1928-ல் சரக்குக்காக வந்த ரயில், இன்று சரக்கே ஏற்றாமல் ஆட்களை மட்டும் ஏற்றுகிறது. அப்படியென்றால் ஏறுகிற ஆட்களின் நாளைப் பார்த்துத்தானே நேரம் வைக்க வேண்டும்?

எங்கள் ஊரில் ஆட்களின் நாள் எப்போது தொடங்கும் என்பதைப் பார்க்க வேண்டுமானால் விடியுமுன் தேவர் சிலைப் பக்கமோ பஸ் ஸ்டாண்டு பக்கமோ வந்து நிற்க வேண்டும். ஜீப்புகள் வரிசையாக நிற்கும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள், தூக்குவாளியும் மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாளுமாக நெருக்கி ஏறுவார்கள். பதினேழு வளைவு ஏறி, நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்து, அதே வளைவுகளில் இறங்கி இருட்டில் வீடு வருவார்கள். அந்தக் காய்தான் ஏலத்துக்குப் போகிறது, சல்லடைக்குப் போகிறது, வடநாட்டுக்கும் அரபு நாட்டுக்கும் போகிறது. முதுகுவலி, கர்ப்பப்பைக் கோளாறு, கண்பார்வை என்று இவர்களுக்கு மதுரைக்குப் போகிற தேவை மாதா மாதம் இருக்கிறது. ஒரு நாள் கூலியை விடலாம். இரண்டு நாள் கூலியை விட முடியாது.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா முப்பது வருடமாகக் காய் பொறுக்குகிறது. போன மாதம் கண்ணுக்குப் பார்க்க மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. நான் கூட வருகிறேன், ரயிலில் போகலாம் என்றேன். "அது சாயங்காலந்தான டீச்சர் கெளம்புது? விடியக்கால வண்டி விட்டா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, காலை ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டது.

மனு எழுதி வைத்திருக்கிறேன். போடியிலிருந்து காலையில் ஒரு ரயில், மதுரையிலிருந்து சாயங்காலம் ஒரு ரயில். அக்கா வேலை பார்க்கும் கிட்டங்கிக்கு நேற்று எடுத்துப் போனேன். சொளகைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். தாளில் காம்புத் தூசி படிந்திருக்கிறது. தட்டிவிடாமல் அப்படியே உறையில் போட்டிருக்கிறேன்.